மூட்டத்தில் வெந்த குதிரை

நரிப்பொட்டல் கண்மாய்க்குள் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த பூவலிங்கம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எரிகிற மூட்டத்துக்குள் விழுந்து, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அதே மூட்டத்திலிருந்து குதிரையாக வெளியே வந்தான். விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், வந்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

பூவலிங்கத்தின் மகள் இருளாயி அப்போது நாலாம் வகுப்பில் இருந்தாள். அந்தக் கண்மாயில் தண்ணீர் நின்று அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த கண்மாய் வேலிக்கருவை மண்டிய ஒரு பெரிய பள்ளம், அதற்குள் அங்கங்கே புகைந்துகொண்டிருக்கும் மண்மேடுகள், அந்த மேடுகளைச் சுற்றி முகம் தெரியாமல் கறுத்துப்போன ஆட்கள். கருவையை வெட்டி வட்டமாக அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண்ணால் மெழுகி, உச்சியில் நெருப்பு வைத்து அடைத்துவிட்டால், விறகு உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் வெந்து கரியாகும். வேக வேக உள்ளே விறகு சுருங்கிக்கொண்டே போகும். மேலே பூசின மண் மட்டும் கவிழ்த்த பானைபோல மாறாமல் நிற்கும். எங்கேயாவது வெடித்துத் தணல் தெரிந்தால் ஓர் ஆள் மேலே ஏறி மண் அப்ப வேண்டும். அன்றைக்கு அப்படி அப்புவதற்கு ஏறின பூவலிங்கத்தின் காலடியில் மண்ஓடு அப்பளமாக நொறுங்கியது. இடுப்புவரை போனான், கழுத்துவரை போனான், அப்புறம் புகை வந்து அவன் நின்ற இடத்தில் நின்றது.

பக்கத்து மூட்டங்களிலிருந்து ஆட்கள் மம்பட்டியும் தண்ணீர்க் குடமுமாக ஓடி வந்தார்கள். மூட்டத்துக்குச் சொந்தக்காரரான வயணப்பெருமாள் முதலாளி இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தார்.

“தோண்டிராதீக. காத்து புகுந்துச்சுன்னா அம்புட்டும் சாம்பலாப் போயிரும். போனவன் போயிட்டான். இனித் தோண்டி என்னத்த எடுக்கப் போறீக?”

யாரும் தோண்டவில்லை. மம்பட்டியைப் பிடித்தபடி அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருவன் மட்டும் குனிந்து ஒரு கூடை ஈரமண்ணை அள்ளி, பூவலிங்கம் போன துளையை மெழுகி அடைத்தான், கைப்பழக்கம் அப்படி. பிறகு அவனும் வந்து மற்றவர்களோடு நின்றான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இருளாயி பள்ளிக்கூடம் விட்டுக் கரைமேல் வந்தபோது அந்தக் கூட்டம் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டம் ஒரு தடவை மூச்சு வாங்கினதுபோல் விம்மியது, மண் பிளந்தது, முன்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றி, தணலையும் சாம்பலையும் உதறிக்கொண்டு ஒரு குதிரை எழுந்து வந்தது. கரி எப்படிக் கறுப்பாக இருந்தும் வெயிலில் வெள்ளிபோல மினுங்குமோ அப்படி அதன் தோல் மினுங்கியது. மூக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. இடது காது மடலில், போன வருஷம் தணல் தெறித்து இருளாயியின் அப்பாவுக்கு எந்த இடத்தில் வடு விழுந்ததோ அதே இடத்தில், ஒரு வெளிர்ந்த வடு இருந்தது.

கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டது. அந்தக் குதிரை மட்டும் வராமல் போயிருந்தால் அத்தனை பேரும் அன்றைக்கு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்களோ தெரியாது. மம்பட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, “பூவலிங்கம் வந்துட்டான், குதிரையா வந்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். போகிற போக்கில் ஒரு பெண் இருளாயியின் தலையைத் தடவி, “ஒங்கப்பன்தான்டி, பயப்படாத, பின்னாடியே போ” என்றாள்.

யாரும் பிடிக்காமலேயே குதிரை வீட்டுக்கு நடந்தது. தண்ணீர்த் தொட்டி பக்கம் திரும்பி, சாவடியைத் தாண்டி, தாழ்ந்த வாசற்படியில் பூவலிங்கம் எப்படித் தலையைக் குனிவானோ அப்படிக் குனிந்தது. உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த பாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வடுவைப் பார்த்தாள். இருமலைக் கேட்டாள், ஏனென்றால் குதிரை பூவலிங்கத்தின் இருமலைத்தான் இருமியது. வெகுநேரம் பார்த்துவிட்டு, எல்லா நாளும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“வந்துட்டீகளா?”

மறுநாள் அழுவதற்கென்று முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்த பெண்கள், அழ வேண்டியவன் முற்றத்தில் நிற்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் வரக்காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இன்னும் சிலர் ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை கொண்டுவந்து போட்டார்கள். கிராம அதிகாரி வந்து, கண்ணெதிரே நிற்கிறவனைச் செத்தான் என்று எழுத முடியாது, உயிரோடு இருக்கிறான் என்று எழுதலாமென்றால் கைநாட்டு வைக்கக் கை வேண்டுமே என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, சூடு கொஞ்சம் கூடுதல், மற்றபடி குதிரை நன்றாக இருக்கிறது என்றார். அய்யனார் கோயிலுக்கு விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டதற்குப் பூசாரி, “சாமிக்கு மண்ணுல செஞ்ச குதிரை போதும்ப்பா, இதுக்குத் தீனி யாரு போடுறது?” என்று முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது இருளாயி எழுந்து, “குதிரையா இருக்காரு டீச்சர்” என்றாள். டீச்சர் சரி உட்கார் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். இப்படியாக, வாரம் ஒன்று கழிவதற்குள் பூவலிங்கம் குதிரையானது ஊருக்குள் பழைய சேதியாகிவிட்டது.

வீட்டுக்குள் அது பழசாகவில்லை. குதிரை வைக்கோலைத் தொடவில்லை. பூவலிங்கத்தின் வட்டிலில் சோறும் புளிக்குழம்பும் போட்டு வாசலில் வைத்தால்தான் தின்றது. பாக்கியம் சேலை மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. வெற்றிலைப் பை எங்கே என்று அவள் முணுமுணுத்தால் கூரை இடுக்கைப் பார்த்தது, அங்கேதான் பை இருந்தது. பாக்கியம் கண்ணில் பட்ட சாமிக்கெல்லாம் விளக்குப் போட்டு, அவரை ஆளாக்கிக் கொடு, ஆளாக்கிக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் கண்ணை மூடி நின்ற இருளாயி, ஆக்காதே சாமி, ஆக்காதே என்று வேண்டிக்கொண்டாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளாக அப்பா என்பது விடியுமுன் கேட்கிற ஒரு இருமல், பொழுது போனபின் வருகிற ஒரு புகைவாடை, அவ்வளவுதான். இப்போது அவர் நாள் முழுக்க முற்றத்தில் நின்றார். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனைக்கே காதைத் திருப்பினார். தான் வேண்டிக்கொள்வது பாவம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் வேண்டிக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் வயணப்பெருமாள் புல்லட்டில் வந்து இறங்கினார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் கயிறும் கடிவாளமுமாக வந்தார்கள்.

“ஏத்தா பாக்கியம், குதிரைய அவுத்து விடு. கருவை இழுக்க வண்டிக்கு ஆவும்.”

“அவரு எம் புருசன் மொதலாளி.”

“புருசன்னா வேலைக்கு அனுப்பு, இன்னும் பாதி மூட்டம் பாக்கி நிக்குது. குதிரைன்னா எனக்குக் குடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“ஒங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“என் மூட்டத்துல வெந்தது எல்லாம் என் சரக்குத்தான். வெறகாப் போயி கரியா வந்தாலும் சரக்கு, ஆளாப் போயி குதிரையா வந்தாலும் சரக்கு. இதுல கோவிச்சுக்கிறதுக்கு என்ன இருக்கு?”

கயிற்றோடு வந்தவர்கள் குதிரையின் கழுத்தில் கை வைத்தார்கள், உள்ளங்கை பொரிந்து அலறிக்கொண்டு தள்ளிப்போனார்கள். அதனால்தான் விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது.

கூட்டம் பால்வாடிக் கட்டடத்துக்கு முன்னால் கூடியது. ஊர் முழுக்க வயணப்பெருமாளின் மூட்டத்தில்தான் கஞ்சி குடித்தது, ஆகையால் யாரும் பாக்கியத்தின் பக்கம் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு மம்பட்டியோடு சும்மா நின்றவர்கள் அவர்கள்தான், ஆகையால் முதலாளி பக்கமும் வாய் திறக்க முடியவில்லை. ஊர்த்தலைவரான சாத்தையா அம்பலம் இரண்டு பக்கமும் கோணாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“குதிரைங்கிறது ஏறுறவுகளுக்குச் சொந்தம். பங்குனி உத்தரத்தன்னைக்கு அந்த வீட்டு ஆளு யாராச்சும் ஒருத்தர் அது மேல ஏறி, கண்மாய்க் கரையச் சுத்தி ஒரு வட்டம் வந்துரட்டும். வந்துட்டா அந்த வீட்டுக் குதிரை. வர முடியலேன்னா மொதலாளி புடிச்சுட்டுப் போகட்டும். என்ன பாக்கியம், சம்மதமா?”

நரிப்பொட்டலில் குதிரை ஏறத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பாக்கியம் சம்மதம் என்றாள்.

முற்றத்து உரலைக் கவிழ்த்துப் போட்டு, நனைந்த சாக்கைக் குதிரையின் முதுகில் விரித்து, பாக்கியம் உரல்மேல் ஏறி நின்றாள். சாக்கிலிருந்து ஆவி பறந்தது. குதிரை அசையாமல், அவளுக்கு வாகாக முதுகைக் கொஞ்சம் பதித்துக்கொண்டு நின்றது. அவள் ஒரு காலைத் தூக்கினாள். தூக்கின கால் அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் இறங்கி உரல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“தூக்கத்துல இவரு மேல என் காலு பட்டாக்கூட எந்திரிச்சுத் தொட்டுக் கும்புட்டுருக்கேன். நான் எப்படிடி கவட்ட விரிச்சு ஏறி ஒக்காருவேன்? என்னால ஆகாது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ ஏறு. நீ அவரு புள்ள. அப்பன் மேல புள்ள ஏறினா ஒண்ணும் குத்தமில்ல.”

அப்படித்தான் இருளாயி குதிரை ஏறப் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் நாள் அவள் ஏறினதும் இறங்கினதும் ஒன்றாகவே நடந்தது. சாக்கைத் தாண்டிச் சூடு தொடையைச் சுட்டது, அலறிக்கொண்டு குதித்துவிட்டாள். இறங்கினதும் தன் கால் அப்பாமேல் பட்டது நினைவு வந்து, ஈரச் சாக்கோடு சேர்த்து அவர் விலாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குதிரை மூக்கால் அவளை உரல் பக்கம் தள்ளியது. மறுபடியும் ஏறு என்று அதற்கு அர்த்தம். மறுபடியும் ஏறினாள். நாள் போகப் போக இரண்டு சாக்கு, மூன்று சாக்கு என்று போட்டு உட்காரப் பழகினாள். உட்காரப் பழகினதும் அது நடந்தது. நடந்ததும் விழுந்தாள். விழுந்த இடத்தில் குதிரை நின்று, அவள் எழுந்திருக்கும்வரை அடுத்த அடி வைக்காது. பாக்கியம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள், தன் கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல் பின்னோக்கியே நடப்பாள். தொடையில் வந்த கொப்புளங்களுக்குக் கற்றாழைச் சோற்றைத் தடவி விடுவாள். இருளாயியின் பாவாடை, கால், கைரேகை எல்லாவற்றிலும் கரி ஏறியது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் பேச முடியாதவர் என்பதால் பாடம் முழுக்க உடம்பு வழியாகவே நடந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தால் குதிரை நின்றுவிடும். முதுகை நிமிர்த்தினால் நடக்கும். பிடரியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் தலையை உதறும். லேசாகப் பிடித்தால் உதறாது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்தாலே போதும், பார்வை எப்படியோ இடுப்பு வழியாக அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவள் ஒரு நாள் கண்டுபிடித்தாள். அன்றைக்குப் பாக்கியத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு தெருவைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தெருவில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். “பூவலிங்கம் மவ குதிரை ஏறிட்டாடா” என்றார்கள். யார் மேல் ஏறினாள் என்பதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மாறுதலை முதலில் கவனித்தவள் பாக்கியம்தான். தெருவைச் சுற்றி வந்த அன்றைக்கு வட்டிலில் போட்ட சோற்றில் பாதி மிச்சம் கிடந்தது. பொட்டலில் இருளாயி குதிரையை முதன்முதலாக ஓட்டிய அன்றைக்கு, காற்று காதில் அடைக்க அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்கு, சோறு தொடாமலேயே இருந்தது. குதிரை வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. இருமல் எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாக்கியம் அதன் முன்னால் நின்றுகொண்டு வெற்றிலைப் பை எங்கே என்று கேட்டாள். அது ஈயை விரட்டக் காதை ஆட்டியது.

“நீ ஏற ஏற அவரு கொறையுறாருடி” என்றாள் பாக்கியம்.

இருளாயி உரலைவிட்டுத் தள்ளிப் போனாள். “அப்ப நான் ஏறலம்மா. இனிமே ஏறல.”

“ஏறலேன்னா மொதலாளி கொண்டுபோயி நொகத்தடியில பூட்டிருவாரு. சாகுற மட்டும் அந்த மூட்டத்தையே சுத்திட்டுக் கெடப்பாரு.”

“ஏறினா?”

பாக்கியம் சாக்கை எடுத்து நனைத்துக்கொண்டு வந்து முதுகில் போட்டாள். அன்றைக்கு ஆவி பறக்கவில்லை, லேசான வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. இருளாயி உரல்மேல் ஏறி நின்று அழுதாள், அழுதுகொண்டே ஏறினாள்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் ஊர் மொத்தமும் கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சேமியா ஐஸ் விற்கிறவன்கூட வந்திருந்தான். கரைமேல் போகிற பாதை மடைக்குப் பக்கத்தில் குறுகும். அந்த இடத்தில் பாதைக்கு இரண்டு பக்கமும் வயணப்பெருமாள் புதிதாக இரண்டு மூட்டம் போட்டு நெருப்பு வைத்திருந்தார். இது நியாயமா என்று யாரோ கேட்டதற்கு, மூட்டம் போடுவது தன் தொழில், எங்கே போடுவதென்பது தன் இஷ்டம் என்றார். அம்பலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கரையின் முக்கால் பங்கை இருளாயி எளிதாகக் கடந்தாள். மடைக்குக் கிட்டே புகைவாடை வந்ததும் குதிரை நின்றது. விலா நடுங்கியது. அவள் குனிந்து அதன் காதில் சொன்னாள்.

“அப்பா, போப்பா.”

குதிரை ஓரடி பின்வாங்கியது.

“ஒண்ணும் ஆகாதுப்பா, நான் மேலதான இருக்கேன். போப்பா.”

இன்னும் இரண்டடி பின்வாங்கியது. முதுகு பழையபடி சூடேறுவது சாக்கைத் தாண்டி அவளுக்குத் தெரிந்தது. வெகுநாளைக்கு அப்புறம் அது பூவலிங்கத்தின் இருமலை ஒரு தடவை இருமியது. தான் அப்பா என்று கூப்பிடக் கூப்பிட அப்பா திரும்பி வருவதும், வருகிற அப்பாவால் அந்த இரண்டு மூட்டங்களுக்கு நடுவே ஒருநாளும் போக முடியாது என்பதும் அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியது. தூரத்தில் வயணப்பெருமாளின் ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். பாக்கியம் கரைக்குக் கீழே நின்றாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

இருளாயி முதுகை நிமிர்த்தினாள். மடைக்கு அந்தப் பக்கத்துப் பாதையைப் பார்த்தாள். இரண்டு குதிகாலையும் தூக்கி அதன் விலாவில் ஓங்கி உதைத்தாள்.

“ஹேய்! நட, குதிர!”

உதைத்த இடத்தைத் தொட்டு அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. குதிரை ஒரு துள்ளுத் துள்ளி, புகைக்குள் நுழைந்து, இரண்டு மூட்டங்களுக்கும் நடுவே நாலுகால் பாய்ச்சலில் ஓடி அந்தப் பக்கம் வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அம்பலம் தோள்துண்டை உயர்த்திக் காட்டினார். அவள் இறங்கினபோது பாக்கியம் கிட்டே வந்து, மகளைப் பார்க்காமல், குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். நெற்றியில் வைத்தாள். மூக்குக்கு நேரே விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

“குளுந்து போச்சுடி” என்றாள்.

அதற்கு அப்புறம் அது வெறும் குதிரையாக, நல்ல குதிரையாக இருந்தது. ஊரார் பூவலிங்கம் குதிரை என்று கூப்பிட்டது கரிக்குதிரையாகி, கடைசியில் இருளாயி குதிரை என்றாகிவிட்டது. வேறு பிழைப்பு இல்லாததால் பாக்கியம் கருவை வெட்டுவதற்கு அதே கண்மாய்க்குப் போனாள். இருளாயி பள்ளிக்கூட நேரம் போக, மூட்டங்களுக்குக் குதிரையில் தண்ணீர் கொண்டுபோனாள். பிடரியைப் பிடிக்காமலேயே சவாரி செய்தாள், வரப்பைத் தாண்டினாள், ஓடுகிற குதிரையிலிருந்து குதித்து இறங்கினாள். இவ்வளவு செய்தும், பொட்டலில் முதன்முதலாக ஓட்டிய அன்றைக்கு வந்த சிரிப்பு அவளுக்கு மறுபடி வரவேயில்லை. அது தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் அப்பா அப்பா என்று சொல்லிப் பார்ப்பாள். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

ஊர் வேறு விதமாக மாறியது. மூட்டத்தின் மேல் ஏறுமுன் கம்பால் தட்டிப் பார்க்கிற வழக்கத்தை ஆட்கள் விட்டுவிட்டார்கள். “வழுக்கி விழுந்தா என்னடா, குதிரையா வந்துட்டுப் போறோம்” என்று சிரித்தார்கள். புருஷனோடு சண்டை போட்ட பெண்கள், குதிரையாகவாவது வந்து உழைத்துப் போடு என்று கத்தினார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு வயணப்பெருமாளே தைரியம் சொன்னார். இந்த ஊர் மண்வாகு அப்படி, இங்கே யாரும் சாக மாட்டார்கள் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தவசி என்கிறவன் மூட்டத்துக்குள் விழுந்தான். கல்யாணமாகி வருஷம் திரும்பாதவன். இருளாயி தண்ணீர்க் குடங்களோடு கரைமேல் வந்தபோது கீழே கூட்டம் நிற்பதைப் பார்த்தாள். எல்லாரும் மூட்டத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். ஒருவர் கையிலும் மம்பட்டி இல்லை. ஒருவன் கயிறு கொண்டுவந்திருந்தான், ஒருவன் வாளியில் தண்ணீர் வைத்திருந்தான், நனைத்த சாக்கு தயாராகக் கிடந்தது. தவசியின் பெண்டாட்டி பேச்சி ஒரு கட்டுப் பச்சைப்புல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பயமும் வெட்கமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது கறுப்பாக வருமா செவலையாக வருமா என்று பக்கத்தில் நின்றவள் கேலி பேசினாள்.

“செத்த பொறுங்க, வந்துரும்” என்றார் வயணப்பெருமாள். “போன வாட்டியும் பொழுது சாயத்தான் வந்துச்சு.”

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கேட்டதும் கூட்டத்தில் ஒருவன், “கனைக்குதுல்ல?” என்றான்.

அது கனைப்பு இல்லை என்று இருளாயிக்குத் தெரிந்தது. குதிரையின் கனைப்பை அவளைவிட அறிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. குடங்களைத் தள்ளிவிட்டு, குதிரையிலிருந்து குதித்து, கரைச்சரிவில் உருண்டு இறங்கினாள்.

“தோண்டுங்க! அந்தண்ணன் கத்துறாக, தோண்டுங்க!”

“ஏய் புள்ள, தூரப் போ” என்றார் வயணப்பெருமாள். “ஒங்கப்பனுக்கு ஆன மாதிரிதான். ஒனக்குத் தெரியாததா?”

மூட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரோ சாத்தி வைத்திருந்த மம்பட்டியை எடுத்து அவள் மண்ணை வெட்டினாள். மம்பட்டி அவள் உயரம் இருந்தது. பிளந்த மண்ணிலிருந்து புகை முகத்தில் அடித்தது. முதலாளி ஆட்களைப் பார்த்து அவளைப் பிடிக்கச் சொன்னார். யாரும் பிடிக்கவில்லை, யாரும் உதவிக்கும் வரவில்லை. கருவை வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பாக்கியம் ஓடி வந்தாள். மகளிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் மண்டி போட்டு, வெட்டுக்கத்தியால் மண்ணைப் பிளந்து கையாலேயே அள்ளி எறிய ஆரம்பித்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. புல்லுக்கட்டு அவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது. அவளும் வந்து விழுந்து கையால் அள்ளினாள். அப்புறம்தான் வாளித் தண்ணீரை ஒருவன் தணலில் ஊற்றினான். கயிற்றோடு நின்றவன் அதைக் கீழே போட்டுவிட்டு மம்பட்டி தேடி ஓடினான்.

தவசியை வெளியே எடுத்தபோது அவன் தவசியாகவே இருந்தான். வேட்டி இல்லை, தலைமயிர் இல்லை. உயிரும் கொஞ்சம் முன்னால்தான் போயிருந்தது. சூடான மண்ணில் உட்கார்ந்து பேச்சி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குதிரையின் காலைத் தேடுகிறவள் மாதிரி அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக இருந்தன. அப்போது அவள் வாய் திறந்தது.

அந்த ஓலம் பாக்கியத்தையும் பிடித்துக்கொண்டது. அத்தனை மாதமாக அழாதவள் பேச்சிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மாரில் அறைந்துகொண்டு, எஞ்சாமி பூவலிங்கம், ஒங்களத் தோண்டாம விட்டுட்டாகளே, மண்ண வச்சு மூடுனாகளே என்று கத்தினாள். ஊர்ப் பெண்கள் கரையிலிருந்து இறங்கி வந்து இருவரையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தவசியின் பேரையும் பூவலிங்கத்தின் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதார்கள். ஆண்கள் சுற்றிலும் நின்றார்கள். அன்றைக்கு ஒரு கூடை மண்ணை அள்ளித் துளையை அடைத்தவன் அவர்களுக்கு நடுவிலிருந்து விலகிப் போய், ஒரு கருவை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். புல்லட் கிளம்புகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருளாயி கொப்புளித்த கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். கரைமேல் அந்தக் கறுப்புக் குதிரை கருவைக்காய்களைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அத்தனை அழுகைக்கும் அது தலையைத் தூக்கவில்லை. வாய்க்கெட்டுகிற கிளை காலியானதும் அடுத்த மரத்துக்கு நகர்ந்துபோயிற்று.